வயலுக்குள் இறங்கும் செயற்கைக் கால்: பழுது, பராமரிப்பு, ஆராய்ச்சி நிதி

கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அண்ணாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை, 2009இல் போனது. இரணைமடுவுக்குக் கீழே வயல் செய்கிறார். இப்போதைய செயற்கைக் கால் கிடைத்து மூன்று வருடம். பாதம் விரல் பக்கத்தில் வெடித்துவிட்டது. சொக்கெற் கடிக்கிறது. போன பெரும்போகத்தில் பாதி நாள் காலைக் கழட்டி வைத்துவிட்டு ஊன்றுகோலோடு வரம்பில்தான் நின்றார். நாங்கள் நாலு பேர் சேர்ந்து இறுதியாண்டுச் செயற்றிட்டமாக முப்பரிமாண அச்சில் ஒரு கால் செய்ய யோசிக்கிறோம். ஆராய்ச்சி நிதி எங்கே கிடைக்கும், எப்படிக் கேட்பது?"

முதலில் அண்ணாவின் காலைப் பார்ப்போம். அதைச் சரியாகப் பார்த்து முடித்தால், எதற்கு நிதி கேட்கவேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

"கடிக்கிறது" என்றால் எந்த இடத்தில் என்று அண்ணாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொக்கெற், அதாவது மிச்சக்கால் இறங்கும் கிண்ணம், எல்லா இடத்திலும் ஒரே அளவு பாரத்தைத் தாங்கும்படி செய்யப்படுவதில்லை. முழங்காற் சிரட்டைக்குக் கீழே விரலால் அழுத்தினால் ஒரு தடித்த நாண் தட்டுப்படும். அந்த நாணும், முன்னெலும்பின் உட்பக்கச் சரிவும், பின்பக்கத் தசையும் பாரத்தை ஏற்கும். வெளிப்பக்கம் முழங்காலுக்குச் சற்றுக் கீழே உருண்டையாக நிற்கும் சிற்றெலும்பின் தலை, முன்னெலும்பின் கூர் விளிம்பு, எலும்பின் வெட்டிய நுனி ஆகிய மூன்றும் ஏற்காது. காலைக் கழட்டியதும் தோலில் சிவப்புத் தெரியும். பாரம் ஏற்கும் இடத்தில் வந்த சிவப்பு பத்து நிமிடத்தில் மறைந்தால் பயமில்லை. எலும்பு முனையில் சிவப்பு இருந்தாலோ, அரை மணித்தியாலம் போயும் மறையாவிட்டாலோ, அந்த இடத்தில் அடுத்த நாள் பொக்களம் வரும்.

மிச்சக்கால் கிண்ணத்தின் அடிக்கு எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கோதுமை மாவைப் பிசைந்து ஒரு கடலை அளவு உருண்டை உருட்டுங்கள். மெல்லிய பொலிதீன் துண்டில் சுற்றி, சொக்கெற்றின் உள்ளுறைக்குள் அடியில் போடுங்கள். வழக்கமாகப் போடும் காலுறைகளோடு அண்ணா காலைக் கொழுவி, எழுந்து நின்று, பத்து அடி நடந்துவிட்டுக் கழட்டட்டும். உருண்டை அப்படியே உருண்டையாக இருந்தால் மிச்சக்கால் அடிவரை இறங்கவில்லை, கிண்ணம் இறுக்கம். பப்படம் போலத் தட்டையாகிவிட்டால் அளவுக்கு மீறி இறங்குகிறது, கிண்ணம் தளர்வு. மேற்பக்கம் மட்டும் அமர்ந்து சில மில்லிமீற்றர் தடிப்பில் நின்றால் அதுதான் வேண்டியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நுனி நோகும்போது பெரும்பாலானோர் "இறுக்கிப் பிடிக்கிறது" என்று நினைத்து ஒரு காலுறையைக் கழட்டிவிடுவார்கள். உண்மையில் தளர்ந்த கிண்ணத்துக்குள் கால் புதைந்து நுனி அடியில் இடிப்பதால்தான் அந்த நோ. காலுறையைக் குறைத்தால் இன்னும் புதையும், இன்னும் நோகும். கூட்டவேண்டிய நேரத்தில் குறைப்பதுதான் இந்த விசயத்தில் நடக்கும் மிகப் பொதுவான பிழை.

காலுறைகள் 1 பிளை, 3 பிளை, 5 பிளை என்று தடிப்புப்படி வரும். மிச்சக்கால் காலையில் சற்று உப்பியிருக்கும், வேலை செய்யச் செய்யச் சுருங்கும். ஆகவே காலையில் 3 பிளையோடு போகிறவர் மத்தியானம் 1 பிளை ஒன்றைக் கூடப் போடவேண்டி வரலாம். சேர்ட் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு போனால் போதும். மொத்தம் 10 பிளைக்கு மேல் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலை வந்துவிட்டால் காலுறையால் சமாளிக்கும் கட்டம் முடிந்துவிட்டது. காலுறை பருமனைத்தான் நிரப்பும். தசை வற்றிய இடத்தையும் எலும்பு துருத்திய இடத்தையும் அது பிரித்துப் பார்க்காது. அந்தக் கட்டத்தில் புதிதாக அச்செடுத்து வேறு சொக்கெற் செய்யவேண்டும். மூன்று வருடம் வயலில் நின்ற காலுக்கு இது வந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சொக்கெற்றின் மேல் விளிம்பையும், பாதம் பொருந்தும் அடிப்பகுதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பொலிபுரொப்பிலீன் பிளாஸ்ரிக் வெடிப்பதற்கு முன் அந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழும். கோடு விழுந்த காலோடு வயலுக்குப் போகவேண்டாம். அதைக் கடையில் வாங்கும் பசைகளால் ஒட்டவும் முயலவேண்டாம். சுப்பர் குளூவோ அரல்டைற்றோ பொலிபுரொப்பிலீனிலும் பொலிஎதிலீன் குழாய்ப் பிளாஸ்ரிக்கிலும் பிடிக்காது. காய்ந்ததும் தோல் போல உரிந்து வரும். சைக்கிள் கடையில் துளை போட்டு இரும்புத் தகடு வைப்பது அதைவிட மோசம். துளையின் விளிம்பில் இருந்துதான் அடுத்த வெடிப்புத் தொடங்கும். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் சூடுபோட்டு ஒட்டுவதுதான் வழி.

இனிப் பாதம். இங்கே புழக்கத்தில் இருப்பவை முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, உள்ளே கடினமான கட்டையும் வெளியே பொலியூரேத்தேன் நுரையும் கொண்ட சாச் பாதம். கணுக்கால் அசையாது, குதி மட்டும் மெத்தையாக அமுங்கும். மற்றது ஜெய்ப்பூர் பாதம். வெளியே வல்கனைஸ் செய்த இறப்பர், உள்ளே குதியிலும் முன்பாதத்திலும் நுண்துளை இறப்பர்க் கட்டிகள், கணுக்கால் இடத்தில் மரக்கட்டை. அண்ணாவுடையது எது என்று தெரியாவிட்டால் பாதத்தைக் கையில் எடுத்து முன்பாதத்தை மேல்நோக்கி மடக்கிப் பாருங்கள். நடுப்பாதத்தில் இருந்தே வளைந்து கொடுத்தால் ஜெய்ப்பூர். விரல்கள் மட்டும் வளைந்து, அதற்குப் பின்னால் கட்டை போல நின்றால் சாச்.

விரல் பக்கம் வெடித்திருக்கிறது என்பதால் சாச் பாதமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். உள்ளே இருக்கும் கட்டை விரல் தொடங்கும் இடத்தில் முடிகிறது. ஒவ்வொரு அடியிலும் நுரை அந்த முனையைச் சுற்றித்தான் மடிகிறது. வரம்பின் ஓரத்தில் விரலை மட்டும் ஊன்றி நிற்பதும், முன்பாதத்தால் சைக்கிள் மிதிப்பதும், குந்தி எழும்புவதும் அந்த மடிப்பை இன்னும் கூர்மையாக்கும். சிறு பிளவு விழுந்ததும் தண்ணீர் உள்ளே போகும். பொலியூரேத்தேன் வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேதியியல் ரீதியாகவே உடையும். பொலியெஸ்ரர் வகையில் இது வேகமாகவும் பொலிஈதர் வகையில் மெதுவாகவும் நடக்கும். கிளிநொச்சி வெயிலில் காய்ந்து, வாய்க்காலில் நனைந்து, மறுபடி காய்ந்து வரும் பாதத்தின் நுரை கையில் பிசுபிசுத்து உதிர்வதற்குக் காரணம் இதுதான். வைத்திருக்கிறவரின் கவலையீனத்தால் வருவதில்லை. இதை அண்ணாவிடம் அழுத்திச் சொல்லுங்கள். தான் காலைப் பழுதாக்கிவிட்டோம் என்று நினைத்து, திருத்தக் கொண்டுபோகக் கூச்சப்படுகிறவர்கள் நிறையப் பேர்.

ஜெய்ப்பூர் பாதம் சேற்றுக்கு நல்லது, குந்தவும் விடும், மேடு பள்ளத்துக்கு ஏற்பப் பக்கவாட்டிலும் திரும்பும். ஆனால் பாரம் கூட. கையால் செய்வதால் ஒன்றைப்போல் மற்றது இருக்காது. மரக்கட்டையில் பூட்டிய போல்ட் ஈரத்தில் தளரும். நடக்கும்போது "கிறீச்" என்றாலோ, பாதம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாலோ முதலில் போல்ட்டைப் பாருங்கள். மண்ணெண்ணெயாலும் பெற்றோலாலும் இறப்பர்ப் பாதத்தைத் துடைக்கவே கூடாது. இறப்பர் ஊதிப்போய் அடுக்கு அடுக்காகக் கழரும். லான்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஒயில் பட்டால் உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவவேண்டும்.

குதி உயரம் என்ற ஒன்றையும் கவனிக்கவேண்டும். செருப்போடு நடக்கும்படி நிமிர்த்திச் சரிசெய்த காலை, செருப்பில்லாமல் வயலில் ஊன்றினால் காலின் தண்டு பின்னே சாயும். முழங்கால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, சமதரையிலும் ஏற்றம் ஏறுவது போல இருக்கும். உயரமான குதியுள்ள சப்பாத்தைப் போட்டால் நேர்மாறாக முழங்கால் முன்னே மடியப் பார்க்கும். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசமே போதும். அண்ணா நாளில் பெரும்பகுதி வெறும் பாதத்தோடு நிற்பவர் என்றால், அதைப் பட்டறையில் முதல் நாளே சொல்லி அதற்கேற்ப நிமிர்த்தவேண்டும்.

சேற்றுக்குள் பாதம் புதைந்தால் நேரே மேலே இழுக்கக்கூடாது. சேறு பாதத்தை உறிஞ்சிப் பிடித்திருக்கும். இழுத்தால் பாதம் அங்கேயே நிற்க, மிச்சக்கால் மட்டும் சொக்கெற்றுக்குள் மேலே கிளம்பும். தோல் உரசிப் போவது அந்த இடத்தில்தான். முழங்காலை முன்னே மடக்கி, குதியை முதலில் கிளப்பி, காற்று உள்ளே போன பிறகு தூக்கவேண்டும். பிடிமானப் பட்டி தோலால் ஆனதென்றால் வேர்வையில் உக்கிவிடும். பை தைக்கும் கடையில் நைலோன் பட்டியும் பக்கிளும் வைத்துத் தைத்தால் நீண்ட காலம் வரும். சேறு உள்ளே போகாமல் இருக்கச் சைக்கிள் ரியூப்பை வெட்டித் தொடையில் இறுக்கி மாட்டுவது நல்ல யோசனை போலத் தெரியும். இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், வேர்வையை உள்ளே அடைக்கும், வேண்டாம்.

தோலில் புண் இருக்கும் நாளில் வயலில் இறங்கவே கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி வயல் தண்ணீரில் இருந்து புண் வழியாக எளிதில் ஏறும். போகம் தொடங்கும்போது விவசாயிகளுக்குத் தடுப்பாக டொக்சிசைக்கிளின் கொடுக்கும் வழக்கம் சுகாதாரத் திணைக்களத்தில் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள், மிச்சக்காலோடு வயலில் இறங்குகிறவர் என்பதையும் சொல்லுங்கள். சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் சிறு கீறலைக்கூட அன்றே காட்டவேண்டும். மிச்சக்காலைக் கழுவுவது மாலையில்தான். காலையில் கழுவி ஈரத்தோடு கொழுவினால் தோல் ஊறி மென்மையாகி உரசிப்போகும். உள்ளுறையை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிறுவனம் 1987இல் இருந்து கால் செய்து கொடுத்து வருகிறது. எந்தப் பட்டறைக்குப் போனாலும், "புதுக் கால் வேண்டும்" என்று மட்டும் கேட்காமல், பாதம் மாற்றுவது, பட்டி மாற்றுவது, சொக்கெற் புதிதாக அச்செடுப்பது என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பாதம் மாற்றும் வேலை ஒரு நாளில் முடியக்கூடியது. அதைப் புதுக் காலுக்கான வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் போகம் போய்விடும்.

இப்போது நிதிக்கு வருவோம்.

சர்வதேச செஞ்சிலுவைக் குழு சொல்லும் பொதுக் கணக்கின்படி வளர்ந்தவருக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு கால் மாற்றவேண்டும். வளரும் பிள்ளைக்கு ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை. 2009இல் இருபது வயதில் கால் இழந்த ஒருவர் எழுபது வரை வாழ்ந்தால் அவருக்கு 10 முதல் 16 கால்கள் தேவை. வன்னிக்கு வந்த உதவிகள் பெரும்பாலும் முதலாவது, இரண்டாவது காலோடு நின்றன. கொடுத்த கால்களின் எண்ணிக்கை அறிக்கையில் வரும். கொடுத்த கால் எத்தனை நாள் கொழுவப்பட்டது என்பது வராது. உங்கள் செயற்றிட்டத்துக்கான இடம் அங்கேதான் இருக்கிறது.

உலகத்தில் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் எப்படி வந்தது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இரண்டாம் உலகப்போரில் கால் இழந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள், தங்களுக்குக் கொடுத்த கால்கள் உதவாது என்று முறைப்பட்ட பிறகுதான் 1945இல் அங்கே அரசுப் பணம் ஒழுங்காக இறங்கியது. கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் எபர்ஹார்ட் என்ற கட்டுமானப் பொறியியலாளரும் வேர்ன் இன்மன் என்ற எலும்பு வைத்தியரும் அந்தப் பணத்தில் முதலில் செய்தது மனித நடையை அளந்ததுதான். எபர்ஹார்ட்டே ஒரு காலை இழந்தவர். அந்த அளவீடுகளுக்குப் பிறகு, 1950களில், அதே இடத்தில் சாச் பாதம் வந்தது. நாணில் பாரம் ஏற்றும் சொக்கெற்றும் அங்கிருந்துதான் வந்தது. 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் வைத்தியர் பி.கே. சேத்தியும் வேறு வழியில் போனார்கள். மேலைநாட்டுப் பாதத்தோடு குந்த முடியவில்லை, வெறுங்காலோடு வயலில் நடக்க முடியவில்லை என்ற நோயாளிகளின் முறைப்பாட்டில் இருந்து தொடங்கி, ரயர் பட்டறையின் இறப்பர் வேலையைக் காலுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு இடத்திலும், போட்டவர் சொன்ன குறையும் அதை அளந்த வேலையும்தான் முன்னே வந்தன.

முப்பரிமாண அச்சைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன்: முதல் செயற்றிட்டமாகச் சொக்கெற் அச்சிடவேண்டாம். மலிவாகக் கிடைக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். மத்தியான வெயிலில் மூடிய ஓட்டோவுக்குள் வைத்த கால் அதற்குக் கிட்டப் போகும். அச்சு அடுக்கடுக்காக ஏறுவதால், அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில்தான் பலவீனம். நிமிர்த்தி அச்சிட்ட சொக்கெற் நடையின் வளைவில் வளையம் வளையமாகப் பிரியும். பொலிபுரொப்பிலீனை அச்சிட்டால் தட்டில் ஒட்டாது, ஓரம் கிளம்பி வளையும். இவற்றைவிடப் பெரிய சிக்கல், கைத்தொலைபேசியால் ஸ்கான் செய்யும்போது மிச்சக்காலின் உருவம் கிடைக்கிறதே தவிர, சொக்கெற்றின் உருவம் கிடைப்பதில்லை. எங்கே அழுத்தவேண்டும், எங்கே விடவேண்டும் என்று அச்சுக்கட்டியைச் செதுக்குவது பயிற்சி பெற்ற கால் தொழினுட்பவியலாளரின் கை. றாகமையில் 2004இல் இருந்து அதற்கென்றே ஒரு பாடசாலை இருக்கிறது. அச்சியந்திரம் வேண்டுமென்றால் பரிசோதனைக்கான பிடிகள், அளவுக்கருவிகள், மண்வெட்டிப் பிடி ஆகியவற்றை அச்சிடுங்கள். உடைந்தாலும் ஆள் விழமாட்டார்.

நான் நிதி கேட்கச் சொல்வது வேறொன்றுக்கு: இங்கே கிடைக்கும் பாதங்கள் வன்னிச் சேற்றில் எத்தனை அடிக்குப் பிறகு, எந்த இடத்தில், எப்படி உடைகின்றன என்பதை அளக்க. கால்களின் வலிமைக்கு ஐ.எஸ்.ஓ. 10328 என்ற தரம் இருக்கிறது. அதில் 30 இலட்சம் சுழற்சி, அதாவது அத்தனை முறை பாரத்தை ஏற்றி இறக்குவது. பாதத்துக்குத் தனியாக ஐ.எஸ்.ஓ. 22675, அதில் 20 இலட்சம். பி3, பி4, பி5 என்ற மட்டங்கள் 60, 80, 100 கிலோ உடல் எடைக்கு. ஒரு நாளைக்கு 4000 அடி நடப்பவர் செயற்கைக் காலில் 2000 அடி வைக்கிறார்; 30 இலட்சம் என்பது நாலு வருடத்துக்குச் சற்றுக் கூட. அந்தச் சோதனைகள் சுத்தமான ஆய்வுகூடத்தில் காய்ந்த பாதத்தோடு நடப்பவை. சேற்றுத் தண்ணீரில் ஊறிய பாதத்தோடு அதே சுழற்சியை நடத்தினால் என்ன எண் வரும் என்பதுதான் உங்கள் கேள்வி.

இயந்திரம் உங்கள் பட்டறையிலேயே செய்யக்கூடியது. பொக்ஸ் பார் சட்டம், 63 மில்லிமீற்றர் விட்டமுள்ள காற்றுச் சிலிண்டர். 6 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 1870 நியூட்டன் தரும். 80 கிலோ ஆளின் எடை 785 நியூட்டன், நடையில் அதன் உச்சம் ஒன்றேகால் மடங்குக்குக் கிட்ட, ஆகவே தாராளம். 25 மில்லிமீற்றர் ஓட்டத்தில் செக்கனுக்கு ஒரு சுழற்சி, இருபக்கமும் காற்று என்றால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 65 லீற்றர் காற்று வேண்டும். கொம்பிரசரை அதற்கேற்ப எடுங்கள். குதிக்கு ஒன்று, முன்பாதத்துக்கு ஒன்று என்று இரண்டு சிலிண்டர் வைத்து மாறி மாறித் தள்ளினால் நடைக்குக் கிட்ட வரும். பாதத்தின் கீழே பாரத்தை அளக்கும் லோட் செல், எண்ணிக்கைக்கு ஒரு சிறு கட்டுப்படுத்தி. எண்ணிக்கையை மெமரி காட்டில் எழுதவேண்டும். மின்சாரம் நின்று வந்ததும் பூச்சியத்தில் இருந்து எண்ணத் தொடங்கும் இயந்திரத்தால் ஒரு மாத உழைப்புப் போய்விடும். செக்கனுக்கு ஒன்று என்றால் 30 இலட்சத்துக்கு 35 நாள். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் நுரை உள்ளேயே சூடேறி, வயலில் வராத வெடிப்பு வரும். சேற்றை ஒரே வயலில் இருந்து எடுத்து, 35 பாகையில் வைத்து, வாரம் ஒருமுறை மாற்றுங்கள். ஒரு வகைக்குக் குறைந்தது மூன்று பாதம். ஒன்றை மட்டும் உடைத்துவிட்டு எதுவும் சொல்லமுடியாது, கையால் செய்த ஜெய்ப்பூர் பாதத்தில் சொல்லவே முடியாது.

அதோடு சேர்த்து, வயல், மீன்பிடி, மேசன் வேலை என்று தொழில் செய்யும் இருபது பேரிடம் ஒரு கொப்பி கொடுத்து ஒரு பெரும்போகம் முழுக்கப் பின்தொடருங்கள். கேட்கவேண்டியவை கொஞ்சம்தான்: இன்று கால் கொழுவினீர்களா, எத்தனை பிளை, தோலில் புண் உண்டா, என்ன உடைந்தது. கால் கொழுவாத நாட்களின் எண்ணிக்கை எந்த மதிப்பெண் படிவத்தைவிடவும் அதிகம் சொல்லும். ஆட்களிடம் தகவல் எடுப்பதால் ஒழுக்கநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி கட்டாயம். ஒக்ரோபரில் விதைப்புத் தொடங்கும்போது கொப்பி கையில் இருக்கவேண்டும் என்றால் விண்ணப்பம் மே மாதத்துக்குள் போயிருக்கவேண்டும். பலருக்கு இந்த இடம் தவறி, மழை முடிந்த பிறகு அனுமதி வந்து ஒரு வருடமே போய்விடுகிறது.

பணம் கேட்கும் இடங்கள்: பல்கலைக்கழகத்தின் உள் ஆராய்ச்சி மானியம்தான் முதல் படி. அடுத்தது தேசிய விஞ்ஞான மன்றம். அங்கே மாணவர் தனியே கேட்கமுடியாது, உங்கள் விரிவுரையாளர்தான் விண்ணப்பதாரர். நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது 0.1 வீதம் அளவுதான், ஆகவே போட்டி கடுமை. சிறிய, முடிக்கக்கூடிய தொகையைக் கேட்பது நல்லது. இலங்கை புத்தாக்குநர் ஆணைக்குழு கண்டுபிடிப்புகளுக்கு உதவும், ஆனால் அளவீட்டு ஆய்வைவிடப் பொருளாக எதையாவது காட்டும்போதுதான் அங்கே எடுபடும். மாணவர்களுக்கு மிகப் பொருத்தமானது ஐ-ட்ரிபிள்-ஈ என்ற சர்வதேசப் பொறியியலாளர் அமைப்பின் எபிக்ஸ் திட்டம்: 1000 முதல் 10,000 டொலர் வரை, சமூக அமைப்பு ஒன்று பங்காளியாக இருக்கவேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கான தொழினுட்பம் அதன் நாலு பிரிவுகளில் ஒன்று.

பெரிய வெளிநாட்டு உதவிகளை நம்பித் திட்டம் போடவேண்டாம். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெவ்வும் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி 250 கோடிப் பேருக்கு ஏதாவது ஒரு துணைக்கருவி தேவை, 100 கோடிப் பேருக்கு அது கிடைப்பதில்லை. சில வறிய நாடுகளில் தேவையானவர்களில் 3 வீதத்தினருக்குத்தான் கிடைக்கிறது. தேவை அப்படி இருக்க, பிரித்தானியா தன் வெளிநாட்டு உதவியை 2021இல் தேசிய வருமானத்தின் 0.7 வீதத்தில் இருந்து 0.5 ஆகக் குறைத்தது, 2027க்குள் 0.3 ஆக்கப்போவதாக அறிவித்திருக்கிறது. அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2025இல் மூடப்பட்டது. இந்தப் பணங்கள் வரும் என்று எழுதிய திட்டங்கள் பாதியில் நிற்கின்றன.

பாதீட்டை இப்படிப் பிரிக்கச் சொல்வேன். நூறு ரூபாயில் 35 பங்கேற்பவர்களுக்கு: பஸ் காசு, இழந்த நாட்கூலி, ஆய்வுக் காலத்தில் உடையும் பட்டி, காலுறை, பாதத்துக்கான மாற்று. 30 இயந்திரத்துக்கு, 15 சோதனைப் பாதங்களுக்கு, 10 கால் தொழினுட்பவியலாளரின் நேரத்துக்கு, 10 எதிர்பாராததற்கு. மீளாய்வாளர்கள் முதலில் வெட்டப் பார்ப்பது அந்த 35ஐத்தான். விட்டுக்கொடுக்க வேண்டாம். கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் போய்வர ஒரு நாள் போகும், முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருந்து என்றால் முதல் நாளே புறப்படவேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவரிடம் இலவசமாகத் தகவல் வாங்குவது நியாயம் இல்லை. நாலாம் மாதம் ஆட்கள் வராமல் நின்றுவிடுவதும் இதனால்தான். விண்ணப்பத்தில் "புதிய பாதம் கண்டுபிடிப்போம்" என்று எழுதவேண்டாம். சந்தைக்கு வரும் மருத்துவ சாதனங்கள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க மருந்துகள் ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்குள் வருகின்றன. ஒரு வருடத்தில் மாணவர் குழு ஒன்று அந்தப் படியைத் தாண்டாது. இரண்டு வகைப் பாதங்களின் ஆயுள், உடையும் இடம், பட்டறைகளுக்கான ஒரு பக்கப் பரிந்துரை: இவை மூன்றையும் தருவோம் என்று எழுதினால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம்.

அண்ணாவுக்குப் புதுப் பாதம் பூட்டியதும் வெடித்த பழைய பாதத்தை எறியவேண்டாம், பட்டறையிலும் விட்டுவிட்டு வரவேண்டாம். கழுவிக் காயவைத்து, குதியில் இருந்து விரல்வரை நீளவாக்கில் இரும்பறுக்கும் வாளால் இரண்டாக அறுங்கள். உள்ளே கட்டை எந்த இடத்தில் முடிகிறது, பிளவு அதன் முனையில் தொடங்கியதா அடித்தோலில் தொடங்கியதா, நுரை எவ்வளவு தூரம் நிறம் மாறியிருக்கிறது என்று பார்த்து, பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். எத்தனை மாதம் போட்டது, என்ன வேலை, ஆளின் எடை என்ன என்று கீழே எழுதுங்கள். விண்ணப்பத்தின் முதற்பக்கத்தில் அந்தப் படம் வரட்டும்.